அட்டையைப் பார்த்துவிட்டு மூடிவைப்பவர்கள்

வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

இம்மாதம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, இதழ்களின் அட்டை ஓவியத்தையும் கேலிச்சித்திரங்களையும் பற்றியே அமைந்துவிட்டன. ஆகவே இந்த முறை பிற கேள்விகளை ஒத்திவைத்து, அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

பெங்களூருவுக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் ‘நியூயார்க்கர்’ என்ற அமெரிக்க இதழின் பழைய பிரதிகளை வாங்கி வருகிறேன். அதன் கட்டுரைகளைப் படித்து முடிக்கும் அளவுக்கு என் ஆங்கிலம் போதாது. அட்டையையும் உள்ளே உள்ள கேலிச்சித்திரங்களையும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவேன். ‘படம் பார்ப்பதற்கா இத்தனை காசு?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். இதை வாசிப்பு என்று சொல்லிக்கொள்ளலாமா?
— ஓசூர், தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் அந்த இதழ் கைக்கு வந்தவுடன் முதலில் கேலிச்சித்திரங்களைப் புரட்டிவிட்டுத்தான் கட்டுரைப் பக்கம் வருவார்கள் என்பது நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு. வந்தவர்கள் எல்லோரும் கட்டுரையை முடித்தார்களா என்பதை யாரும் விசாரித்ததில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இதழ், படம் பார்ப்பவருக்கென்றே ஒரு தனி வாசலைத் திறந்து வைத்திருக்கும் இதழ். 1925 பிப்ரவரி 21 அன்று ஹெரால்ட் ராஸ் அதைத் தொடங்கியபோது, முதல் அட்டையை ரியா இர்வின் வரைந்தார். உயர்ந்த தொப்பியும் இறுகிய கழுத்துப்பட்டையும் அணிந்த ஒரு சீமான், ஒற்றைக்கண் கண்ணாடியை உயர்த்திப் பிடித்து ஒரு வண்ணத்துப்பூச்சியை ஆராய்கிறான், அவ்வளவுதான் படம். உள்ளே என்ன கட்டுரை, யார் எழுதியது, எதற்காக வாங்க வேண்டும் என்று ஒரு சொல்கூட அட்டையில் இல்லை. பின்னர் யூஸ்டஸ் டில்லி என்று பெயர் பெற்ற அந்தச் சீமானே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அட்டைக்குத் திரும்பி வந்தான். 1994இல் ராபர்ட் கிரம்ப் அவனைத் தெருவோரத்தில் துண்டுத்தாள் ஒன்றை உற்றுப் பார்த்து நிற்கும் இளைஞனாக மாற்றி வரைந்த பிறகு, பல ஆண்டுகளில் வேறு வேறு ஓவியர்கள் அவனை வேறு வேறு வேடத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்களிடம் பிப்ரவரி மாதப் பிரதிகள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள்.

அட்டையில் தலைப்புகளை அச்சிடுவதில்லை என்ற அந்த முதல் நாள் முடிவை அவ்விதழ் இன்றுவரை பெரும்பாலும் காத்து வருகிறது. ஓவியர் உள்ளே இருக்கும் எந்தக் கட்டுரைக்கும் கடன்பட்டவர் அல்லர் என்பதே அதன் பொருள். இந்தச் சுதந்திரம் சில வேளைகளில் நடுங்கவைக்கும் விளைவைத் தந்திருக்கிறது. 1946 ஆகஸ்ட் 31 இதழின் அட்டையில், கோடைகாலப் பூங்கா ஒன்றில் மனிதர்கள் விளையாடிக்கொண்டும் வெயில் காய்ந்துகொண்டும் இருக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால், ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிய ஆறு பேரைப் பற்றி ஜான் ஹெர்சி எழுதிய ஒரே கட்டுரை இதழ் முழுவதையும் நிறைத்திருக்கிறது. கட்டுரைக்குப் பொருத்தமாகப் புகைக்காளான் ஒன்றை வரைந்திருந்தால் அது அந்த வாரத்தோடு பழசாகியிருக்கும் என்பது என் எண்ணம். குண்டு விழாத ஊரின் கோடைகாலம் இப்படித்தான் இருந்தது என்று காட்டிய அந்த அட்டை, எவரும் திட்டமிடாமலேயே கட்டுரையின் முதல் பக்கமாகிவிட்டது.

சொல்லே இல்லாமல் செய்தி சொல்லும் அட்டைக்கு 2001 செப்டம்பர் 24 இதழைச் சொல்வேன். இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட பிறகு வந்த அந்த இதழின் அட்டை, முதல் பார்வைக்கு வெறும் கறுப்பு. வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், கறுப்பின்மேல் இன்னொரு கறுப்பாக இரண்டு கோபுரங்கள் தெரியும். ஒன்றின் உச்சிக் கம்பி இதழின் பெயரில் உள்ள ஓர் எழுத்தை வெட்டிக்கொண்டு மேலே போகும். ஆர்ட் ஸ்பீகல்மனும், 1993 முதல் அவ்விதழின் ஓவியப் பொறுப்பில் இருக்கும் அவருடைய மனைவி பிரான்சுவா மூலியும் சேர்ந்து உருவாக்கியது அது. கைப்பேசித் திரையில் அதைப் பார்ப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஏனென்றால் தாளை அசைத்துப் பார்க்கும் கையும் அந்த ஓவியத்தின் பகுதி. பழைய தாள் பிரதிக்காக நீங்கள் செலவழிக்கும் காசுக்கு இதைவிட நல்ல நியாயம் வீட்டில் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். சால் ஸ்டைன்பெர்க் 1976 மார்ச் 29 இதழுக்கு வரைந்த அட்டையில், மன்ஹாட்டனின் ஒன்பதாம் அவென்யூவும் பத்தாம் அவென்யூவும் கட்டடம் கட்டடமாக, வண்டி வண்டியாக விரிந்து பாதித் தாளை அடைத்துக்கொள்கின்றன. அதற்கப்பால் ஹட்சன் ஆறு. ஆற்றின் அக்கரையில் நியூஜெர்சி ஒரு பட்டையாக. பிறகு அமெரிக்கா முழுவதும் சில பாறைகளும் சில பெயர்களும் கொண்ட ஒரு சிறு சதுரமாக. அதற்கும் அப்பால் பசிபிக் கடலும், மேடுகளைப் போலச் சீனாவும் ஜப்பானும் ரஷ்யாவும். தன் தெருவையே உலகமாக எண்ணும் நகரவாசியைப் பற்றிய நையாண்டி என்று இதைப் புரிந்துகொள்ள நியூயார்க்குக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஓசூர்க்காரராகிய நீங்கள் அதே படத்தை உங்கள் தெருவிலிருந்து வரைந்தால் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடி எவ்வளவு பெரிதாக இருக்கும், சென்னை எங்கே ஒடுங்கிக் கிடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் பல ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை வைத்து அந்த அட்டையைப் போலச் செய்து விற்றிருக்கிறார்கள்.

ஆகவே கட்டுரையைப் படிக்காமல் மூடிவைக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் அட்டையை ஒரு நொடியில் கடந்துவிட்டால் மட்டும் அது வாசிப்பாகாது. இதழின் தேதியைப் பாருங்கள். அந்த வாரம் அந்த ஊரில் பனியா வெயிலா, தேர்தலா திருநாளா என்று எண்ணிப் பாருங்கள். பிறகு மறுபடி படத்துக்கு வாருங்கள். கேலிச்சித்திரங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலம் தெரிந்தால் போதும். தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது.

பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். கேலிச்சித்திரம் வரையச் சொன்னால் மாணவர்கள் பெரிய மூக்கும் பெரிய தொப்பையும் வரைந்துவிட்டு, நடப்பதையெல்லாம் கீழே நான்கு வரியில் எழுதிவிடுகிறார்கள். இவர்களுக்கு எதைக் காட்டிக் கற்பிப்பது?
— அரூர், ஓவிய ஆசிரியர்

முதலில் அவர்களைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே உள்ள நடுகற்களின் முன்னால் நிறுத்தி, எழுத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, சிற்பத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வீரன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான், கையில் இருப்பது வில்லா வாளா, உடலில் அம்பு தைத்திருக்கிறதா, காலருகே மாடுகள் உண்டா என்று அவர்களே கண்டு சொல்லட்டும். அதன் பிறகு தாளை எடுத்துவிட்டுக் கல்வெட்டின் பொருளைச் சொல்லுங்கள்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னார் ஆநிரை கவர்ந்தபோது, அதை மீட்கப் போய் இன்னான் பட்டான். அம்பு எங்கே தைத்தது என்று எழுத்து சொல்வதில்லை. வீரனின் பெயரைச் சிற்பம் சொல்வதில்லை. ஒன்று சொன்னதை மற்றது திருப்பிச் சொல்லாத அந்தக் கூட்டுறவுதான் நல்ல கேலிச்சித்திரத்துக்கும் வேண்டியது. படத்தில் இருப்பதையே கீழே உள்ள வரியும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

அடுத்து, ‘நியூயார்க்கர்’ இதழில் பீட்டர் ஆர்னோ 1941இல் வரைந்த ஒரு சித்திரத்தைக் காட்டலாம். விமானம் ஒன்று தரையில் மோதி நொறுங்கிக் கிடக்கிறது. விமானி வான்குடையோடு தொலைவில் இறங்குகிறார். அதிகாரிகளும் ஊழியர்களும் விபத்து நடந்த இடத்தை நோக்கி ஓடுகிறார்கள். ஒரே ஒரு மனிதர் மட்டும், சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் எதிர்த்திசையில் நம்மை நோக்கி நிதானமாக நடந்து வருகிறார். கீழே உள்ள வரி, மறுபடியும் வரைபலகைக்கே போக வேண்டியதுதான் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ‘நான்தான் இந்த விமானத்தை வடிவமைத்தேன்’ என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதை அந்தக் கக்கத்துச் சுருள் சொல்லிவிட்டது. உங்கள் மாணவர் இதை வரைந்திருந்தால் அந்தச் சுருளை விட்டுவிட்டு நான்கு வரி எழுதியிருப்பார்.

மூன்றாவதாக, அவ்விதழைத் தொடங்கிய ஆசிரியர் ராஸின் பழக்கம் ஒன்று உங்கள் வகுப்புக்குப் பயன்படும். வாராந்தர ஓவியக் கூட்டத்தில் அவர் ஒரு பின்னல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் உறுத்தும் இடங்களை அதனால் சுட்டிக் காட்டுவாராம். அவர் ஓயாமல் கேட்ட கேள்வி, ‘இதில் பேசுவது யார்?’ என்பது. கீழே உள்ள வரியைச் சொல்பவரின் வாய் திறந்திருக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது உடலில் தெரிய வேண்டும். ஒவ்வொரு மாணவரின் தாளையும் கையில் எடுத்து இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பெரிய மூக்கு தானாகக் குறையும்.

தமிழில் இப்படிப்பட்ட மரபு இருந்ததா? இருந்திருந்தால் அது எங்கே போயிற்று?
— பாலக்கோடு, நூலக வாசகர் ஒருவர்

இருந்தது, அதுவும் வளமாகவே இருந்தது. பாரதியார் ஆசிரியராக இருந்து நடத்திய ‘இந்தியா’ வார இதழ், நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்னரே கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. படம் பார்த்துப் பழகாத வாசகருக்காக விளக்கமும் உடன் அச்சாயிற்று. அந்தச் சித்திரங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதுங்கள்.

எஸ். எஸ். வாசன் 1928இல் ‘ஆனந்த விகட’னை வாங்கி நடத்தத் தொடங்கிய பிறகு, மாலி அங்கே வந்து தமிழ்ப் பத்திரிகைக் கோட்டுக்கு ஒரு நடையை உண்டாக்கினார். கர்நாடக இசைவாணர்களை அவர் வரைந்தவற்றைப் பாருங்கள்: கையின் ஒரு வீச்சிலும் கழுத்தின் ஒரு சாய்விலும் அவர்கள் எந்த இடத்தைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே கேட்கும். அவர் வழிவந்த கோபுலு, சொல்லே இல்லாமல் கட்டம் கட்டமாக நகரும் நகைச்சுவையைத் தமிழ் வாசகருக்குப் பழக்கினார். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த பிறகு இடக்கையால் வரையப் பழகியவர் அவர். அமெரிக்க இதழுக்கு யூஸ்டஸ் டில்லி என்றால் விகடனுக்குக் குடுமி வைத்த தாத்தா. வெகுகாலம் விகடனின் முன்னட்டையே ஒரு வண்ண நகைச்சுவைச் சித்திரமாக இருந்தது என்பதை இன்று இருபது வயதில் இருப்பவர்களிடம் சொன்னால் வியப்பார்கள். வாசகர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய துணுக்குக்கு ஓவியர் படம் போடுவார். துணுக்கு எழுதியவரின் பெயர் கீழே, ஓவியரின் கையொப்பம் படத்தின் ஓரத்தில். அந்த ஓரத்துக் கையொப்பத்தைத் தேடிப் பார்த்த பிறகே சிரித்தவர்கள் நம் மாவட்டத்து முடிதிருத்தகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நிறையப் பேர் இருந்தார்கள்.

எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நடிகர்களின் புகைப்படத்தைக் குறை சொல்வது எளிது. நானும் அதைச் சொல்வேன். ஆனால் வாசகர்களாகிய நாமும் ஒரு காரியம் செய்தோம். தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது தமிழ் வீடுகளின் பெரும் பழக்கம். ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் பல வீடுகளில் அப்படித்தான் தப்பிப் பிழைத்தன. அதே பைண்டிங்கில் முதலில் போனது அட்டை. கதைக்கு உறவில்லாத ஓவியம் என்பதால் அதற்கு அந்தத் தொகுதியில் இடமில்லை. கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் தற்செயலாக அச்சாகியிருந்த நகைச்சுவைத் துணுக்குகள், பாதி வெட்டுப்பட்டும் முழுதாகவும், கூடவே ஒட்டிக்கொண்டு வந்தன. கதைக்குத் துணையாக வரைந்த ஓவியத்தைக் காத்தோம். தனித்து நின்ற ஓவியத்தைப் பழைய தாள்காரருக்குப் போட்டோம். கதை சொல்லாத படத்தைப் படமாகவே மதிக்கும் பழக்கம் நமக்குக் குறைவாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சிற்றிதழ்கள் அந்தக் குறையை ஓரளவு நேர்செய்தன. கே. எம். ஆதிமூலம் போன்ற நவீன ஓவியர்கள் எழுத்தாளர்களோடு நட்புக் கொண்டு, இலக்கிய இதழ்களுக்கும் நூல்களுக்கும் அட்டை வரைந்தும் எழுத்துரு வடித்தும் கொடுத்தார்கள். ஆதிமூலத்தின் கோடு கவிதைக்கு விளக்கம் சொல்லாது. தன் பாட்டுக்கு அருகில் நிற்கும். அந்தப் பண்பைப் புரிந்துகொண்ட ஆசிரியர்கள் அப்போது இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய இதழ்களைப் பார்க்க விரும்பினால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பல இதழ்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன.

அட்டைப்படம் ஒருவரைப் புண்படுத்தினால் அதை ரசனை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?
— கிருஷ்ணகிரி, வழக்கறிஞர்

தப்பிக்க முடியாது, தப்பிக்க நினைப்பவர் அட்டை வரையக் கூடாது. 1987 மார்ச்சில் விகடன் அட்டையில் ஒரு துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் சட்டமன்ற உறுப்பினர், யார் அமைச்சர் என்ற கேள்விக்கு, ஒருவரைச் சேப்படித் திருடனாகவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் காட்டி விடை சொல்வதாக அது அமைந்திருந்தது. சட்டமன்றம் அதை உரிமை மீறல் என்று கொண்டு ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் வழக்குத் தொடுத்து, அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு பெற்றதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

‘நியூயார்க்கர்’ 2008 ஜூலையில் வெளியிட்ட பாரி பிளிட்டின் அட்டை வேறு வகையான சிக்கல். ஒபாமாவைத் தலைப்பாகையோடும் அவர் மனைவியைத் துப்பாக்கியோடும் வரைந்து, அவர்களைப் பற்றிப் பரப்பப்பட்ட வதந்திகளைக் கேலி செய்ய முயன்றார் ஓவியர். வதந்தியைப் பரப்பியவர் படத்தில் எங்கும் இல்லாததால், வதந்தியையே வரைந்துவிட்டதாகப் பலர் சினந்தார்கள். விகடன் அட்டையில் அடி யார்மேல் விழுகிறது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அதனால்தான் அடிபட்டவர்களுக்கு அவ்வளவு கோபம். பிளிட்டின் அட்டையில் அடி எங்கே விழுகிறது என்பதே தெளிவாகவில்லை. முன்னதை நான் ஆதரிப்பேன். பின்னதைத் தடை செய்யச் சொல்லமாட்டேன்; ஆனால் நல்ல அட்டை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

நண்பர்கள் சிரிக்கும் கேலிச்சித்திரங்கள் எனக்கு மட்டும் பல முறை விளங்குவதில்லை. எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லையா?
— பென்னாகரம், கல்லூரி மாணவி

வரைந்தவருக்கே விளங்காமல் தொடங்கிய சித்திரங்கள் உண்டு. ஜேம்ஸ் தர்பர் பாறைமேல் கடல்நாய் இருப்பதாக ஒரு படம் வரைந்தார். பாறை சரியாக வராமல் கட்டிலின் தலைப்பலகை போலத் தெரிந்தது. உடனே அதைக் கட்டிலாகவே மாற்றி, கணவன் மனைவி இருவரைப் படுக்க வைத்து, ‘சரி, நீ சொல்வதே இருக்கட்டும், கடல்நாய் குரைத்ததைக் கேட்டாய்’ என்று மனைவியைச் சலிப்போடு பேச வைத்தார். 1932இல் வெளியான அந்தச் சித்திரம் இன்றும் மறுபதிப்பாகிக்கொண்டிருக்கிறது. கட்டிலின் தலைமாட்டில் கடல்நாய் எப்படி வந்தது என்று கேட்டால் யாரிடமும் விடை இல்லை. இருந்தும் பேச்சின் தொனியில் ஒரு முழுக் குடும்பமே இருக்கிறது. விளங்காத படத்தை விளக்கச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். படத்தில் உள்ளவர்களில் யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வரவில்லையென்றால் அந்தச் சித்திரம் சுமாராகவும் இருக்கலாம். வாரத்துக்குப் பதினைந்து அச்சிடும் எந்த இதழிலும் பதினைந்தும் தேறுவதில்லை.

பிடித்த அட்டைகளைக் கிழித்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாமா?
— தருமபுரி, வாசகி

கிழிக்க வேண்டாம். அட்டையை இழந்த இதழுக்குத் தேதியும் போய்விடும், பின்னட்டை விளம்பரமும் தனியாகத் தொங்கும். நல்ல வண்ண நகல் எடுத்து, அதைச் சட்டமிட்டு, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் வெளுக்கும். மூலப் பிரதியை நிற்க வைக்காமல் படுக்கையாக அடுக்குங்கள். நடுவில் உள்ள கம்பி ஊசி துருப்பிடித்திருந்தால் அதைப் பக்குவமாக எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். பைண்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால், அட்டைகளையும் சேர்த்தே தைக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.